டெக் கடைக்காரர் பதில்கள்: பேய்ப்படக்காரனுக்குப் பொறுப்பு உண்டா?

மதம் தலைக்கேறியவர்களை வைத்து எடுக்கிற பேய்ப்படங்கள் எனக்குப் பிடிக்கும் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் நான் ஏதோ கோயில் உண்டியலை உடைத்த கதையை எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சரி, இந்த முறை முழுக்க அதுவே. பழைய பாட்டுக் கஸட் கேட்டு எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் படம் வாடகைக்குக் கொடுத்தவன். முதலில் வீடியோ டெக்கும் கஸட்டும், மறுகா சீடி, டிவிடி. போன் வந்து கடையை மூட வைத்தது. பார்த்த படங்கள் மட்டும் மிச்சம்.

கேள்வி: அண்ணன், என் மகன் ஏ.எல். படிக்கிறான். இரவில் போனில் பார்ப்பதெல்லாம் பைத்தியம் பிடித்த போதகர், பிள்ளையைப் பூட்டிவைத்து ஜெபம் பண்ணச் சொல்கிற தாய், இப்படியான படங்கள். கேட்டால் ‘கதைதானே அம்மா’ என்கிறான். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அதுவும் இந்த ஊரில், மதவெறியைக் காட்டிப் பயமுறுத்திக் காசு சேர்ப்பது சரியா? எடுக்கிறவர்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?
(ஓர் ஆசிரியை, கல்லடி)

பதில்: பொறுப்பு உண்டு டீச்சர். எதற்குப் பொறுப்பு என்பதில்தான் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் வாக்குவாதப்பட வேண்டியிருக்கும். மகன் பயந்தான், தூக்கம் கெட்டது என்பதற்காக நான் எந்த இயக்குநரையும் குறை சொல்லமாட்டேன். பயப்படத்தானே பார்க்கிறோம். யாரைக் காட்டிப் பயப்படுத்தினான், அந்தப் பயத்தைக் கொண்டுபோய் யார் தலையில் இறக்கினான் என்பதைத்தான் கேட்கவேண்டும்.

ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் கொஞ்சம் தாண்டிப் போங்கள். 2007 இல் வந்த ‘தி மிஸ்ட்’. ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு பெரிய சாமான் கடை. வெளியே மூடுபனி, பனிக்குள் என்னவென்றே தெரியாத மிருகங்கள். கடைக்குள் மாட்டிக்கொண்ட சனங்களில் கார்மடி என்று ஒரு பெண். இது கடவுளின் தண்டனை என்கிறாள். முதலில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு சாவு விழுந்ததும் இரண்டு பேர் அவள் பக்கம் போகிறார்கள். அடுத்த இரவு போனதும் கடையில் பாதி அவள் பக்கம். கடைசியில் ஓர் இளம் சிப்பாயைக் கத்தியால் குத்தி வெளியே மிருகங்களிடம் தள்ளிவிடுகிறார்கள். பிறகு அவள் கதாநாயகனின் சின்ன மகனைக் கேட்கிறாள். அந்த இடத்தில் கடை ஊழியர் ஒருவர் அவளைச் சுட்டுவிடுகிறார்.

இந்தப் படத்தை என் கடையின் பின் அறையில் ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டுப் பார்த்தோம். ஆரையம்பதித் தமிழ்ப் பொடியன்களும் பக்கத்து ஊர்க் காத்தான்குடி முஸ்லிம் பொடியன்களும் ஒரே வாங்கில். அவள் விழுந்ததும் போட்ட விசிலில் பக்கத்துக் கடை முதலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். நானும் ‘அப்பாடா’ என்றுதான் மூச்சு விட்டேன். அவ்வளவு எரிச்சலை அந்தப் பெண் மீது ஏற்றி வைத்திருந்தான் இயக்குநர்.

படம் அதோடு முடியவில்லை. கதாநாயகன் மகனையும் இன்னும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு காரில் தப்புகிறான். எண்ணெய் தீர்ந்து கார் நின்றுவிடுகிறது. துப்பாக்கியில் நாலு குண்டு மிச்சம். மிருகங்களிடம் அகப்படுவதைவிட இது மேல் என்று அந்த மூன்று பேரையும் சொந்த மகனையும் தானே சுடுகிறான். தனக்குக் குண்டு இல்லை. இறங்கி, ‘வா, வந்து தின்னு’ என்று பனியைப் பார்த்துக் கத்துகிறான். பனிக்குள்ளிருந்து வருவது இராணுவ வண்டிகள். கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள். ஒரு லொறியில், காப்பாற்றப்பட்டவர்களோடு ஒரு பெண் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு போகிறாள். படத்தின் தொடக்கத்தில் ‘பிள்ளைகள் வீட்டில் தனியே, யாராவது துணைக்கு வாருங்கள்’ என்று கெஞ்சியவள். ஒருவரும் போகவில்லை, கதாநாயகனும் போகவில்லை.

விசில் அடித்த பொடியன்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்களில் ஒருவன், மீன் யாவாரம் செய்பவரின் மகன், டிவிடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டே, ‘அவளும் அந்தப் பிள்ளையைத்தானே கேட்டாள் அண்ணன், இவனே குடுத்துட்டானே’ என்றான். விமர்சனம் எழுதுகிறவர்கள் எத்தனையோ பக்கம் எழுதியிருப்பார்கள். எனக்கு இது போதும்.

பொறுப்பான படம் என்று நான் சொல்வது இதைத்தான் டீச்சர். நம்மை விசிலடிக்கவும் வைக்கிறது, மறுகா அந்த விசிலை நம் காதிலேயே விழவும் வைக்கிறது. பொறுப்பில்லாத படம் விசிலோடு முடிந்துவிடும். வெறியன் செத்தான், ஊர் பிழைத்தது, லைட்டைப் போடு, வீட்டுக்குப் போ. இந்த ஓர் ஆளைத் தொலைத்துவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும் என்றுதானே வெறியனும் சொல்கிறான்? அவன் கணக்கையே நமக்கும் படித்துக்கொடுத்து அனுப்பினால், அவனைக் கண்டித்துப் படம் எடுத்ததாக எப்படிச் சொல்வது?

உங்கள் மகன் பார்த்த ‘பிள்ளையைப் பூட்டும் தாய்’ 1976 இல் வந்த ‘கேரி’யாக இருக்கலாம். தாய் மகளை ஒரு சின்ன அலுமாரி அறைக்குள் தள்ளி ஜெபிக்க வைப்பாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் தாயைத் திட்டுவார்கள், சரிதான். ஆனால் அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று சிரிப்பவர்களும், மேடையில் வைத்துப் பன்றி இரத்தத்தை ஊற்றுபவர்களும் கூடப் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் ஒரு கடவுளையும் கும்பிட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை. நீங்கள் படிப்பிக்கிறவர் என்பதால் சொல்கிறேன், அந்தப் படத்தில் எனக்கு நடுக்கம் தந்தது பள்ளிக்கூடம்தான்.

இன்னொன்று, 1968 இல் வந்த ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’. மத்தியூ ஹொப்கின்ஸ் என்பவன் உண்மையில் வாழ்ந்தவன். 1640களில், இங்கிலாந்தில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, அந்த நாட்டின் கிழக்குப் பக்கத்து ஊர்களில் சூனியக்காரி பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்தான். ஊர்க்காரர் கூப்பிட்டுக் காசு கொடுப்பார்கள். பிடிபட்டவர்களை நாட்கணக்கில் தூங்கவிடாமல் வைத்தால் எதையும் ஒப்புக்கொள்வார்கள், அவ்வளவுதான் விசாரணை. யுத்தம் நடக்கிற ஊர், கேட்பாரில்லை, ஒருவன் அதிகாரத்தோடு வந்து பட்டியல் எடுக்கிறான், அக்கம்பக்கத்தார் பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளப் பெயர் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதைக்குச் சப்டைட்டில் தேவையில்லை. படத்தை எடுத்த மைக்கேல் ரீவ்ஸுக்கு அது வெளிவந்தபோது வயது 24, அடுத்த வருடமே இறந்துபோனார். வன்முறை கூடிப்போய்விட்டது என்று அப்போது திட்டினார்கள். அதிலும் முடிவு ஒன்று உண்டு. ஹொப்கின்ஸைப் பழிவாங்க வந்த நல்ல பொடியன் கோடரியால் அவனை வெட்டிக்கொண்டே இருக்கிறான். நண்பன் பொறுக்கமுடியாமல் ஹொப்கின்ஸைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். உடனே பொடியன், என்னுடையவனை என்னிடமிருந்து பறித்துவிட்டாயே என்று நண்பனைப் பார்த்து அலறுகிறான். இந்த இடத்தில் எவனாவது விசில் அடித்தால் அவனைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

2019 பற்றிக் கேட்டீர்கள். அந்த ஏப்ரல் 21 காலையில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்குக் குண்டோடு வந்தவன் படத்து வெறியனைப்போலக் கத்திக்கொண்டு வரவில்லை. பையோடு வந்தான், வாசலில் நின்றவர்கள் விசாரித்தபோது பேச்சுக் கொடுத்தான். ஞாயிறு பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். இந்த வகைப் படங்கள் மீது எனக்குள்ள பெரிய முறைப்பாடே இதுதான். கண்ணை உருட்டி, குரலை ஏற்றி, பார்த்தவுடனே தெரிகிற மாதிரி வெறியனைச் செய்து பழக்கிவிட்டார்கள். 1973 இல் வந்த ‘தி விக்கர் மேன்’ மட்டும் இந்த விஷயத்தில் தேறும். அந்தத் தீவில் எல்லாரும் சிரித்த முகம், பாட்டு, நல்ல உபசரிப்பு. விளைச்சல் பொய்த்துவிட்டது, ஒரு மனிதனை எரித்தால் அடுத்த வருடம் விளையும், அதைப் பாடிக்கொண்டே செய்கிறார்கள். எரிகிறவனும் பக்திமான்தான், வேறு மதம்.

மகனிடம் போனைப் பறிக்காதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். எந்த இடத்தில் அவனுக்குச் சந்தோஷம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். பயந்த இடத்தைக் கேட்டால் பொய் சொல்வான், அந்த வயது அப்படி.

கேள்வி: அண்ணன், படத்தில் தாடியும் தொப்பியுமாக ஓர் ஆள் வந்தாலே பக்கத்தில் இருப்பவன் குண்டு எங்கே என்று தேடுகிறான். நீங்களும் அந்தப் படங்களை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர்தானே. பேய்ப்படத்துக்கு மட்டும் என்ன நியாயம் சொல்லப்போகிறீர்கள்?
(ஒரு மாணவன், காத்தான்குடி)

பதில்: விட்டேன் தம்பி, காசும் வாங்கினேன். அதிகம் வாங்கிக்கொண்டு போனவர்களில் உங்கள் ஊர்க்காரரும் உண்டு. நாயகன் சண்டை போட்டால் சரி, வில்லனுக்கு யாருடைய உடுப்பு என்று அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை. 2013 இல் ‘விஸ்வரூபம்’ முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பால் தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்டு, சில இடங்களை மாற்றி, பெப்ரவரியில் வெளியானபோதுதான் இந்தப் பேச்சு எங்கள் கடை வாசலிலும் வந்தது. தடை செய்தது சரியென்று நான் நினைக்கவில்லை. கோபப்பட்டது பிழையென்றும் நினைக்கவில்லை.

இரண்டு வகைப் படத்துக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சண்டைப்படத்து வெறியன் வெளியிலிருந்து ஊருக்குள் வருவான், அவனைத் துரத்தினால் கதை முடிந்தது. நல்ல பேய்ப்படத்தில் வெறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தாய், போதகர், மாமனார், பக்கத்து வீட்டு மாமி. துரத்த முடியாது, அவர்களோடுதான் சோறு தின்னவேண்டும். உண்மைக்குக் கிட்ட வருவது இரண்டாவதுதான். உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2019 குண்டுவெடிப்புகளுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானின் ஆட்கள், அதற்கு முன்பே 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் வாளோடு இறங்கியது யாருக்கு எதிராக? சூபி வழியில் போகிற காத்தான்குடி முஸ்லிம்களுக்கு எதிராக. அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்து அலைந்தவர்களும் உங்கள் ஊர்ச் சனங்கள்தான். அந்த இரண்டு வருடத்தை யாராவது படமாக எடுத்தால், ஒரு பொடியன் எப்படி வீட்டில் எல்லாருக்கும் நரகம் எழுதிக் கொடுக்கிற ஆளாக மாறுகிறான், வாப்பா எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுகிறார், யாரும் ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று எடுத்தால், அது பேய்ப்படம்தான். அதில் தொப்பி போட்டவர்கள்தான் வில்லனும், பலியானவனும், முறைப்பாடு கொடுத்தவனும். அப்போது தொப்பியைப் பார்த்து யாரும் எதையும் தேடமுடியாது.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு கல்முனை பஸ்ஸில் நான் கண்ட ஒன்று. உங்கள் ஊர்த் தரிப்பிடத்தில் ஒரு கிழவர் பிரயாணப் பையோடு ஏறினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உட்காரவும் இல்லை. நின்றபடியே ஸிப்பைத் திறந்து, மருந்து எழுதின துண்டையும் சாரத்தையும் ஃபிளாஸ்க்கையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எங்களுக்குக் காட்டினார், கண்டக்டர் கேட்காமலே. மாசக்கணக்காகப் பார்த்த படங்களும் செய்திகளும் சேர்ந்து எங்கள் எல்லாருடைய முகத்திலும் எதையோ எழுதியிருந்தன, அதை அவர் வாசித்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெறி என்றால் மதவெறி என்று மட்டும் படம் காட்டினால் அதுவும் பாதிக் கதை. 1990 ஆகஸ்ட் 3 இரவு உங்கள் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக்கொன்ற எங்கள் புலிகள் இயக்கப் பொடியன்கள் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை. பக்கத்து ஊர்த் தமிழன் நான், அதை விட்டுவிட்டு உங்களுக்கு மதவெறி பற்றிப் பாடம் எடுத்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் தணிக்கைச் சபை இல்லையா? வெட்டவேண்டியதுதானே?
(களுவாஞ்சிகுடி)

பதில்: தியேட்டருக்கு உண்டு. உங்கள் பேரன் கையில் இருக்கிற தியேட்டருக்குச் சபை நீங்கள்தான்.

கேள்வி: எங்கள் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்தில், அதுதான் தீமிதிப்புச் சடங்கில், தெய்வம் வந்து ஆடியவர்களை ஒரு பொடியன் போனில் எடுத்து, பின்னால் பேய்ப்பட மியூசிக் போட்டு, ‘இலங்கையின் பயங்கரச் சடங்கு’ என்று விட்டிருக்கிறான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்கிறார்கள். பக்தியை வெறி என்று காட்டுவது பாவமில்லையா?
(பாண்டிருப்பு)

பதில்: ஐயா, பாவமோ என்னவோ, கள்ளவேலை. உடுக்கும் பறையும் கேட்கவேண்டிய இடத்தில் இவன் வேறொன்றை ஊற்றியிருக்கிறான். அந்தப் பதினெட்டு நாளும் கதை படித்து, வனவாசம் போய், தவநிலை பார்த்து, விரதம் இருந்து, மறுகாதான் தீக்குழிக்கு வருகிறார்கள். அவன் காட்டியது கடைசி அரை நிமிடம். முன்னுக்கும் பின்னுக்கும் வெட்டிவிட்டால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் கலவரமாகக் காட்டலாம்.

இது புதிதும் இல்லை. ‘மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்’ என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொல்லிச் சொல்லியே நம்மை ஒரு பேய்ப்படமாக எடுத்து முடித்துவிட்டார்கள். இங்கே மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் சிலர் முதல் மாதம் யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். மறுகா எருமைத்தயிரைக் கண்டதும் பயம் போய்விடும்.

ஆனால் ஐயா, கோயில் என்று வந்துவிட்டால் கேள்வியே கேட்கக்கூடாது என்று நீங்கள் நினைத்தால் அங்கே நான் நிற்கமாட்டேன். 1960 இல் சத்யஜித் ராய் எடுத்த ‘தேவி’ பேய்ப்படம் இல்லை, எனக்கு எந்தப் பேய்ப்படமும் அந்தளவு பயம் தந்ததில்லை. ஒரு ஜமீன்தார் கனவு காண்கிறார், வீட்டு மருமகள் காளியின் அவதாரம் என்று. விடிந்ததும் காலில் விழுகிறார். ஊர் வரிசையில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது, கணவன் கல்கத்தாவில் படிக்கிறான், அசையாமல் உட்கார வைத்துப் புகை போடுகிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கே காய்ச்சல் வருகிறது. வைத்தியருக்குப் பதிலாக அவள் மடியில் கிடத்துகிறார்கள். குழந்தை செத்துவிடுகிறது. இதில் மாமனார் கெட்டவர் இல்லை ஐயா, அந்த வீட்டில் அவளில் மிகுந்த பாசம் வைத்திருந்தவரே அவர்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மன் கோயிலுக்குப் போகாமல் விட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நூலையும் கட்டி, பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோகவேண்டும் என்று மட்டும் விளங்கும். எங்கள் கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரே அதைத்தான் சொல்வார்.

கேள்வி: ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று போடுகிறார்களே, நம்பலாமா? அது போட்டால் பொறுப்பு கூடுமா குறையுமா?
(அக்கரைப்பற்று)

பதில்: கூடும். பல மடங்கு கூடும். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ 1973 இல் வந்தபோது எத்தனையோ பேர் தியேட்டரில் மயங்கினார்கள். அதில் வருகிற இயேசு சபைக் குருமார் வேடங்களில் ஒன்றை நிஜ இயேசு சபைக் குருவே நடித்தார். மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியில் அந்தச் சபை அமெரிக்கக் குருமாரிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் என் கடையில் அந்தக் கஸட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பார், அங்கிக்காகவே பார்க்கிறேன் என்பார். அந்தப் படம் வெறியைப் பற்றியதே இல்லை, விசுவாசம் தளர்ந்துபோன ஒரு குருவைப் பற்றியது. அதன் மீது எனக்குப் பெரிய வழக்கு இல்லை.

வழக்கு 2005 இல் வந்த எமிலி ரோஸ் படத்தின் மீது. ஜேர்மனியில் அன்னலீஸ் மிஷெல் என்ற 23 வயதுப் பெண் 1976 ஜூலையில் இறந்தாள். வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்தவள். பேய் பிடித்திருக்கிறது என்று 67 தடவை பேயோட்டினார்கள். சாகும்போது நிறை 31 கிலோ. தாய் தகப்பனையும் இரண்டு குருமாரையும் 1978 இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்த்தது. படமும் அதே கதைதான், அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் பேய் உண்மையாகவும் இருந்திருக்கலாமே என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்கள். கற்பனைக் கதையில் அந்தக் கதவு அழகு. பட்டினி கிடந்து செத்த ஒரு பிள்ளையின் பெயரில் திறந்து வைத்தால்? 2021 இல் கம்பஹா மாவட்டத்துத் தெல்கொடையில் பேயோட்டுகிறேன் என்று 9 வயதுச் சிறுமியைப் பிரம்பால் அடித்தே கொன்றார்கள், பேயோட்டிய பெண்ணும் தாயும் கைதானார்கள். அவர்கள் எந்தப் படத்தையும் பார்த்து அதைச் செய்ததாக நான் சொல்லவரவில்லை. அப்படியான வீடுகள் இருக்கிற நாட்டில் ‘இது உண்மை’ என்ற எழுத்துக்கு வேறு நிறை இருக்கிறது என்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சினிமாவே இல்லாத ஒரு படம். 2018 பெப்ரவரி, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டில் ஏதோ கட்டி இருக்கிறது, மலடாக்கும் மாத்திரை போட்டிருக்கிறாய் என்று கூட்டம் கூடுகிறது. சிங்களம் சரியாகப் பேசவராத காசாளரை நெருக்கிக் கேட்கிறார்கள், அவர் பயத்தில் ஆம் போட்டுவிடுகிறார். அதை ஒருவர் போனில் எடுக்கிறார். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. வீடியோ நாடு முழுக்கப் போனது, அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கத்துத் திகனை எரிந்தது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார், மாவுக் கட்டி. அப்படி ஆளை மலடாக்கும் மாத்திரை ஒன்றே கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்க 2020 மே ஆகிவிட்டது.

பேய், பிசாசு, இரத்தம், மியூசிக் ஒன்றும் இல்லாத அந்தத் துண்டு வீடியோ செய்ததை நான் வாடகைக்கு விட்ட எந்தப் பேய்ப்படமும் செய்யவில்லை. பேய்ப்படம் டிக்கெட் எடுக்கும்போதே ‘இது பொய்’ என்று சொல்லிவிடுகிறது. ஆகவே பொறுப்பு பற்றிக் கேட்கிறவர்கள் இயக்குநரிடம் ஒரு கேள்வி கேட்டால், ஃபோர்வர்ட் பண்ணுகிற சொந்தக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள்.

கேள்வி: எத்தனை வயதில் பிள்ளைகளுக்கு இந்தப் படங்களைக் காட்டலாம்?
(ஏறாவூர்)

பதில்: பேய் வருகிற படத்தைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு. மனிசர் மட்டும் வருகிற பேய்ப்படத்தை, ஊரில் நடந்ததைப் பற்றி நீங்கள் முதலில் வாய் திறந்து கதைத்த பிறகு.

கேள்வி: இவ்வளவு கதைக்கிறீர்களே, கையில் காசு இருந்தால் நீங்கள் என்ன படம் எடுப்பீர்கள்?
(செங்கலடி)

பதில்: அம்பாறைக் கடையைத்தான். அதே நிகழ்வை அப்படியே எடுக்கமாட்டேன், அந்த மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பெயர் சொல்லாத ஒரு நகரம், இரவு, கொத்துப் போடுகிற சத்தம். படம் முழுக்க ஒரு மணித்தியாலம், அந்த ஒரு மணித்தியாலத்தில் நடப்பது மட்டும். கமரா பாதி நேரம் சமையல்கட்டில், மாவை அவசரத்தில் கரைத்துவிட்டுத் தன் மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருக்கிற சமையல்காரரோடு. மீதி நேரம் வீடியோ எடுக்கிற பொடியனோடு. அவனைக் கெட்டவனாக்கமாட்டேன். அவனுக்குத் திருமணமாகிப் பிள்ளை இல்லை, வீட்டில் தினமும் அதே பேச்சு, கட்டியைப் பார்த்ததும் உண்மையிலேயே நம்பிவிடுகிறான். ‘வெறியன்’ என்று விரலை நீட்ட ஓர் ஆளும் இருக்கமாட்டார். காசாளர் வாயில் அந்த ‘ஆம்’ வருகிற இடத்தை மட்டும் மூன்று தடவை காட்டுவேன்: ஒருமுறை அவர் பக்கத்திலிருந்து, ஒருமுறை கூட்டத்தின் பக்கத்திலிருந்து, ஒருமுறை போன் திரையில், பெரிதாகத் தலைப்புப் போட்டு.

பாட்டு இல்லை, பேய் இல்லை, சண்டை கடைசிப் பத்து நிமிடம். காசு போட யாராவது இருந்தால் ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். படக்குழுவுக்குக் கொத்துச் செலவு என்னுடையது.